காற்றின் கணக்கு – 9: மேகத்தைக் கணக்கில் சேர்த்தவர்கள்

சென்ற இதழில் 1938-ஆம் ஆண்டோடு நிறுத்தியிருந்தோம். நீராவி எந்திரப் பொறியாளரான கை கேலண்டர், காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் பூமி சுமார் 2 டிகிரி செல்சியஸ் சூடாகும் என்று இங்கிலாந்தில் கணக்குக் காட்டியதையும், வானிலை அறிஞர்கள் அதை நம்பத் தயங்கியதையும் பார்த்தோம். அவருக்கு 42 ஆண்டுகளுக்கு முன்பு, 1896-இல், ஸ்வீடனின் ஸ்வான்டே அர்ரீனியஸ் அதே கேள்விக்குச் சொன்ன விடை 5 முதல் 6 டிகிரி.

இந்த விடைக்கு இன்று ‘காலநிலை உணர்திறன்’ என்று பெயர். கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்காகி, கடலும் காற்றும் ஒரு நிலைக்கு வந்த பிறகு, பூமியின் சராசரி வெப்பம் எத்தனை டிகிரி ஏறியிருக்கும் என்று சொல்லும் ஒற்றை எண் அது. அர்ரீனியஸ், கேலண்டர் இருவருடைய எண்களும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றுதான். இன்றைக்கு வானத்தில் எவ்வளவு மேகம் இருக்கிறதோ, பூமி சூடான பிறகும் அவ்வளவே இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும், அந்த நீராவி மேலும் சூடாக்கும் என்பதை அர்ரீனியஸ் கணக்கில் சேர்த்தார். மேகத்தை மட்டும் தொடாமல் விட்டார்.

அதைத் தொட்டவர்களின் கதைதான் இந்த அத்தியாயம். அவர்களிடம் இன்றைய கணினிகள் இல்லை. மேகத்தைத் தொடர்ந்து அளக்கும் செயற்கைக்கோளும் இல்லை. இருந்தது ஒரு காற்றுத் தூணும் சில சமன்பாடுகளும்தான்.

இரண்டு வேலை செய்யும் மேகம்

மேகம் பகலில் வெயிலை மறிக்கிறது. பகலென்றும் இரவென்றும் பாராமல் தரையின் சூடு வெளியேறுவதையும் தடுக்கிறது. மூட்டம் போட்ட இரவில் புழுக்கமாக இருப்பதும், தெளிந்த இரவில் குளிர் இறங்குவதும் எல்லோருக்கும் தெரிந்ததே. இந்த இரண்டு வேலைகளில் எது மிஞ்சும் என்பது பெரும்பாலும் மேகம் நிற்கும் உயரத்தைப் பொறுத்தது.

கடலுக்கு ஒரு கிலோமீட்டர் மேலே விரிந்து கிடக்கும் படைத்திரள் மேகத்தை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். விழும் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அதன் உச்சி, கடலைவிடச் சில டிகிரிதான் குளிர்ந்திருக்கும். ஆகவே அது விண்வெளிக்கு அனுப்பும் அகச்சிவப்புக் கதிர், கடல் அனுப்புவதைவிடக் கொஞ்சமே குறைவு. சூட்டைப் பிடித்துவைப்பதில் அதற்குப் பங்கு இல்லை என்றே சொல்லலாம். நிகர விளைவு குளிர்ச்சி.

பத்து கிலோமீட்டர் உயரத்தில் இழை இழையாகத் தெரியும் கீற்று மேகம் இதற்கு நேர்மாறு. வெயில் அதனூடே தரைக்கு வந்துவிடும். தரையிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிரையோ அது உறிஞ்சிக்கொள்ளும். அதன் வெப்பநிலை மைனஸ் 50 டிகிரி அளவில் இருப்பதால் மேலே அனுப்புவது மிகக் குறைவு. நிகர விளைவு சூடு.

பூமி சூடாகும்போது தாழ்ந்த மேகம் பெருகினால் சூடு தணியும். அது குறைந்தாலோ, உயர்ந்த மேகம் கூடினாலோ சூடு மேலும் ஏறும். சூடு மேகத்தை மாற்ற, மாறிய மேகம் சூட்டை மாற்றும் இந்தச் சுற்றுதான் மேகப் பின்னூட்டம்.

மோல்லர் போட்ட முடிச்சு

ஃப்ரிட்ஸ் மோல்லர் ம்யூனிக் நகரத்து வானிலை ஆய்வாளர். காற்றில் கதிர்வீச்சு எப்படிப் பரவுகிறது என்பதில் கைதேர்ந்தவர். 1963-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை துறையையே குழப்பியது.

தரைக்கு வரும் கதிரையும் தரையிலிருந்து போகும் கதிரையும் வரவு செலவாக எழுதி, கார்பன் டை ஆக்சைடை பத்து லட்சத்தில் 300 பங்கிலிருந்து 600 பங்காக்கிப் பார்த்தார். காற்றிலுள்ள நீராவியின் அளவு மாறாது என்று வைத்தால் வெப்பம் 1.5 டிகிரி ஏறியது. ஒப்பு ஈரப்பதம் மாறாது, அதாவது சூட்டுக்குத் தக்கபடி நீராவி கூடும் என்று வைத்தால் 9.6 டிகிரி ஏறியது. ஈரப்பதத்தை இன்னும் துளி கூட்டினால் விடை முடிவிலியை நோக்கி ஓடியது!

மேகத்துக்கு வந்தபோது நிலைமை இன்னும் மோசம். கார்பன் டை ஆக்சைடு 300-லிருந்து 330 ஆகக் கூடுவதன் முழு விளைவையும், மேகத்தின் அளவில் வெறும் 1 சதவீத மாற்றம் ஈடுகட்டிவிடும் என்று அவருடைய கணக்கு காட்டியது. மேகத்தை அந்தத் துல்லியத்தில் அளக்க அன்று உலகில் யாராலும் முடியாது. கார்பன் டை ஆக்சைடு காலநிலையை மாற்றும் என்ற கொள்கையே ஐயத்துக்குரியது என்ற முடிவுக்கு மோல்லர் வந்தார்.

அவருடைய கணிதத்தில் தவறில்லை. வரவு செலவு எழுதிய இடம்தான் தவறு. தரையும் காற்றும் தனித்தனிக் கணக்கு வைத்திருப்பவை அல்ல. தரை சூடானால் வெப்பச்சலனம் அந்தச் சூட்டை மேலே தூக்கிச் செல்லும். நீர் ஆவியாகி, உயரத்தில் குளிர்ந்து, அங்கே வெப்பத்தை விடும். தரைமட்டத்தில் மட்டும் கணக்குப் பார்த்தால் இந்தப் போக்குவரத்து விடுபட்டுப்போகும். கணக்கு முடிய வேண்டிய இடம் வளிமண்டலத்தின் உச்சி.

மனாபேயின் ஒற்றைத் தூண்

அந்த இடத்தைச் சரியாகப் பிடித்தவர் ஸ்யுகுரோ மனாபே. 1931-இல் ஜப்பானின் ஷிகோகு தீவில் பிறந்தவர். 1958-இல் ஜோசஃப் ஸ்மகோரின்ஸ்கியின் அழைப்பில் அமெரிக்க வானிலைத் துறையின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். 1961-இல் மோல்லரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர் என்பதால், மோல்லரின் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ரிச்சர்ட் வெதரால்டுடன் சேர்ந்து 1967-இல் அவர் வெளியிட்ட மாதிரியில் நாடு இல்லை, கடல் இல்லை, துருவம் இல்லை, காற்றோட்டம் இல்லை. உலகின் சராசரியாக நிற்கும் ஒரே ஒரு காற்றுத் தூண் மட்டும் உண்டு. அதை அடுக்கடுக்காகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு வெயிலை உறிஞ்சுகிறது, எவ்வளவு அகச்சிவப்பை வாங்கி எவ்வளவு அனுப்புகிறது என்று கணக்கிட்டார்கள். ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பம் 6.5 டிகிரிக்கு மேல் குறையும் நிலை வந்தால், அங்கே வெப்பச்சலனம் நடந்து அது 6.5-க்குத் திரும்பிவிட்டதாக வைத்துக்கொண்டார்கள். ஒப்பு ஈரப்பதத்தை மாறாமல் நிறுத்தினார்கள். உச்சியில் உள்ளே வரும் ஆற்றலும் வெளியே போகும் ஆற்றலும் சமமாகும் வரை கணினி சுற்றிக்கொண்டே இருந்தது.

மேகம் மூன்று தட்டாக வைக்கப்பட்டது: சுமார் 10 கிலோமீட்டரில் ஒன்று, நடுவில் ஒன்று, 2 கிலோமீட்டரை ஒட்டி ஒன்று. ஒவ்வொன்றும் வானத்தில் எவ்வளவு பரப்பை மூடுகிறது, எவ்வளவு வெயிலைத் திருப்புகிறது என்பவை முன்கூட்டியே தரப்பட்ட எண்கள்.

விடை வந்தது. சராசரி மேகம் உள்ள வானத்தில் கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் 2.36 டிகிரி. மேகமே இல்லாத வானத்தில் 2.92 டிகிரி. நீராவியைக் கூடவிடாமல் நிறுத்தினால் 1.33 டிகிரி. மோல்லரின் முடிவிலி காணாமல் போயிற்று. இன்று வரை நிற்கும் அடித்தளம் இது. 2021-இல் மனாபேக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தபோது, இந்தத் தூண் மாதிரிதான் முதலில் பேசப்பட்டது.

அதே கட்டுரையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியும் உண்டு. கார்பன் டை ஆக்சைடைத் தொடாமல் மேகத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். தாழ்ந்த மேகம் வானத்தில் 1 சதவீதப் பரப்பை அதிகமாக மூடினால், தரை சுமார் 0.8 டிகிரி குளிர்ந்தது. நடுத்தட்டு மேகத்துக்கு அதில் ஏறக்குறைய பாதி. உயர்ந்த மேகத்திலோ, அகச்சிவப்பை அது முழுதாக உறிஞ்சும் என்றால் சூடு, பாதிதான் உறிஞ்சும் என்றால் லேசான குளிர்ச்சி.

இப்போது நாமே ஒரு வகுத்தல் போடலாம். 2.36-ஐ 0.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3. தாழ்ந்த மேகம் வானத்தில் 3 சதவீதம் கூடினால், கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானதன் விளைவு முழுவதும் அழிந்துபோகும். 3 சதவீதம் குறைந்தால் விளைவு இரண்டு மடங்காகும். மோல்லரின் முடிவிலி தீர்ந்தது, மேகம் பற்றி அவர் எழுப்பிய கேள்வி தீரவில்லை.

அந்த 3 சதவீதம் கூடுமா குறையுமா என்று மனாபேயின் தூணால் சொல்ல முடியாது. மேகம் பிறக்கக் காற்று மேலே எழ வேண்டும், கலைய அது கீழே இறங்க வேண்டும். தூணில் அதற்கு வழியில்லை. மேகம் இப்படி மாறினால் வெப்பம் இப்படி மாறும் என்று மட்டுமே அது சொல்லும். மனாபேயும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்று கேள்விகள்

1972-இல் ஸ்டீஃபன் ஷ்னைடர் என்ற 27 வயது இளைஞர், மேகத்தையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். உலகளாவிய காலநிலைப் பின்னூட்டமாக மேகத்தை முழுதாக எடுத்துப் பேசிய முதல் ஆய்வுகளில் அது ஒன்று.

அதுவரை மேகம் என்றாலே அளவைத்தான் பேசினார்கள். ஷ்னைடர் அளவையும் உயரத்தையும் பிரித்தார். உயரத்தையும் வெண்மையையும் மாற்றாமல் அளவை மட்டும் கூட்டினால் உலகச் சராசரியில் தரை குளிர்கிறது. துருவத்தை ஒட்டிய பகுதிகளில் இந்த முடிவு செல்லாது. அங்கே வெயில் குறைவு, தரையும் பனியால் வெள்ளை. அளவை மாற்றாமல் மேக உச்சியை மட்டும் உயர்த்தினால் தரை சூடாகிறது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான உயர்வே ஓரிரு டிகிரிக்குப் போதும். பூமி சூடாகும்போது அளவும் கூடி உயரமும் கூடினால் என்ன ஆகும்? ஒன்றை மற்றொன்று ஈடுகட்டலாம், கட்டாமலும் போகலாம். மேகம் கூடினால் குளிரும் என்று ஒரே வரியில் முடிக்கும் பேச்சுக்கு அன்றோடு மதிப்பு போயிற்று.

எவ்வளவு பரப்பு, எவ்வளவு உயரம், எவ்வளவு அடர்த்தி: மேகப் பின்னூட்டம் இந்த மூன்று கேள்விகளாகப் பிரிந்தது. முதல் இரண்டும் ஷ்னைடரின் கட்டுரையில் தெளிவாயின. மூன்றாவதற்கு இன்னும் சில வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஸ்டோனி ப்ரூக்கில் ஒரு அண்ணாமலை மாணவர்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஸ்டோனி ப்ரூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் செஸ் இயந்திரப் பொறியியல் பேராசிரியர். வெப்பக் கதிர்வீச்சு அவர் துறை. செவ்வாய், வெள்ளி கிரகங்களின் காற்றுக்கு அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார். அந்த நேரத்தில் அவரிடம் ஆய்வு மாணவராக வந்து சேர்ந்தவர் வீரபத்ரன் ராமநாதன். 1965-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு முடித்தவர். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கசியும் குளோரோஃப்ளோரோ கார்பன் வாயுக்களும் பூமியைச் சூடாக்கும் என்று 1975-இல் கண்டுபிடித்துச் சொன்னவர் இவர்தான். அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் வரும்.

செஸ் 1970-களின் நடுவில் எழுப்பிய கேள்வி எளிமையானது. பூமி சூடாகும்போது மேகத்தின் உச்சி அதே உயரத்தில் நிற்குமா, அதே வெப்பநிலையில் நிற்குமா?

அதே உயரம் என்றால், சுற்றியுள்ள காற்றோடு சேர்ந்து மேக உச்சியும் சூடாகும். சூடானதால் விண்வெளிக்கு அதிகமாகக் கதிர் அனுப்பும். பூமி தன்னைக் குளிர்வித்துக்கொள்ள அது உதவும். அதே வெப்பநிலை என்றால், மேகம் மெல்ல மேலே ஏறி, முன்பிருந்த அதே குளிரைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அப்போது அது அனுப்பும் கதிர் ஒரு துளியும் கூடாது. வெளியேற வேண்டிய கூடுதல் ஆற்றல் முழுவதையும் மேகமில்லாத இடங்கள்தான் அனுப்பியாக வேண்டும். அதற்குத் தரை இன்னும் சூடாக வேண்டும்.

இந்த ஓர் ஊகத்தின் எடை என்ன என்பதை, ஜேம்ஸ் ஹான்சனும் குழுவினரும் 1981-இல் ஒரு தூண் மாதிரியை வைத்துப் பட்டியலிட்டார்கள். நீராவி கூடாது என்றால் 1.2 டிகிரி. நீராவி கூடும், மேகம் அதே உயரத்தில் நிற்கும் என்றால் 1.9. நீராவி கூடும், மேகம் அதே வெப்பநிலையில் நிற்கும் என்றால் 2.8. மாதிரியில் மாறியது ஒரே ஒரு வரி. விடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

எந்த வரி சரி என்று 1981-இல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வுட்ஸ் ஹோலில் ஐந்து நாள்

இதற்கிடையில் அரசியல்வாதிகள் ஓர் எண் கேட்டார்கள். 1979 ஜூலை 23 முதல் 27 வரை மாசசூசெட்ஸ் கடற்கரையிலுள்ள வுட்ஸ் ஹோலில் ஜூல் சார்னி தலைமையில் ஒரு சிறு குழு கூடியது. பெர்ட் போலின், ரிச்சர்ட் கூடி, அகியோ அரகாவா போன்றவர்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் இரண்டு பெரிய முப்பரிமாண மாதிரிகளின் முடிவுகள் வைக்கப்பட்டன. மனாபேயினுடையது 2 டிகிரியை ஒட்டி, ஹான்சனுடையது 4 டிகிரியை ஒட்டி. மனாபே மேகத்தை மாறாமல் நிறுத்தியிருந்தார். ஹான்சனின் மாதிரி மேகத்தைத் தானே கணக்கிட்டது.

சார்னி குழு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. எளிய மாதிரிகளை வைத்து ஒவ்வொரு பின்னூட்டத்தையும் தனித்தனியாக எடைபோட்டது. 3 டிகிரியை ஒட்டி இருக்கும், 1.5 முதல் 4.5 வரை இருக்கலாம் என்று அறிக்கை எழுதியது. மனாபேயின் 2-லிருந்து அரை டிகிரி கழித்தும், ஹான்சனின் 4-உடன் அரை டிகிரி கூட்டியும் பாருங்கள், அந்த எல்லைகள் வரும்.

மேகத்தில் ஒரு சிறு வித்தியாசம் விடையில் ஏன் இவ்வளவு பெரிதாகிறது? வட்டிக்கு வட்டி போடுவது போன்ற கணக்கு இது. பின்னூட்டமே இல்லாவிட்டால் கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானதற்குச் சுமார் 1.2 டிகிரி ஏறும். நீராவி முதலியவற்றின் பின்னூட்டம் 0.5 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 1.2 டிகிரி தன் பங்குக்கு 0.6 டிகிரியைக் கொண்டுவரும், அது 0.3-ஐ, அது 0.15-ஐ. எல்லாம் கூட்டினால் 2.4. சுருக்கமாக, 1-லிருந்து பின்னூட்ட எண்ணைக் கழித்து, அதனால் 1.2-ஐ வகுத்தால் போதும்.

இதோடு மேகத்தைச் சேர்ப்போம். மேகப் பின்னூட்டம் 0.1 என்றால் மொத்தம் 0.6, விடை 3. மேகம் 0.2 என்றால் மொத்தம் 0.7, விடை 4. மேகம் மைனஸ் 0.2 என்றால் மொத்தம் 0.3, விடை 1.7. மேகம் சாதகமாக 0.2 நகர்ந்தால் நமக்கு மிச்சமாவது 0.7 டிகிரி, பாதகமாக அதே 0.2 நகர்ந்தால் கூடுவது 1.6 டிகிரி. நீராவி ஏற்கெனவே வட்டியை ஏற்றிவைத்திருப்பதால், அதன்மேல் வந்து சேரும் மேகத்தின் சிறு எண்ணும் கனக்கிறது. காலநிலை உணர்திறனின் மேல் எல்லையைப் பிடிப்பது கீழ் எல்லையைப் பிடிப்பதைவிடக் கடினமாக இருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

மூன்றாவது கேள்வி

அடர்த்தி பற்றிய கேள்வியை 1980-இல் ஆஸ்திரேலியாவின் கார்த் பால்ட்ரிட்ஜ் எழுப்பினார். சூடான காற்றில் நீராவி அதிகம். அப்படியானால் அங்கே உருவாகும் மேகத்தில் நீரும் அதிகமாக இருக்கும். நீர் அதிகமுள்ள மேகம் அதிக வெயிலைத் திருப்பும். பரப்பும் உயரமும் மாறாமலே மேகம் பூமியைக் குளிர்விக்க முடியும்.

1984-இல் கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் கழகத்தில் ரிச்சர்ட் சோமர்வில்லும் லொரெய்ன் ரெமரும் இதை ஒரு தூண் மாதிரியில் போட்டுப் பார்த்தார்கள். வெப்பத்தோடு மேகநீர் எப்படி மாறுகிறது என்பதற்கு உண்மையான அளவீடுகளையே பயன்படுத்தினார்கள். கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் ஏறும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

எளிய மாதிரி கொடுத்த இந்தக் குறிப்பைப் பெரிய மாதிரிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1989-இல் பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் ஜான் மிட்செலும் சகாக்களும் தங்கள் முப்பரிமாண மாதிரியை மேகம் பற்றிய வெவ்வேறு விதிகளோடு ஓட்டினார்கள். ஒப்பு ஈரப்பதத்தைப் பார்த்து மேகத்தை முடிவு செய்யும் பழைய விதியில் உணர்திறன் 5.2 டிகிரி. மேகநீரைத் தனியாகக் கணக்கிட்டபோது 2.7. அந்த நீருக்கு ஏற்ப மேகத்தின் வெண்மையும் மாறவிட்டபோது 1.9. கடலும் மலையும் காற்றும் அதேதான், மேகம் பற்றிய சில வரிகள் மட்டும் மாறின.

அதே 1989-இல் செஸ் ஒரு படி மேலே போய், உலகெங்கும் இருந்த 14 மாதிரிகளை ஒரே சோதனைக்கு உட்படுத்தினார். ஒவ்வொரு மாதிரியிலும் கடல் வெப்பத்தை ஒரே அளவு கூட்டிக் குறைத்து, உச்சியில் கதிர் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தார். மேகமில்லாத பகுதிகளை மட்டும் எடுத்தால் 14-ம் கிட்டத்தட்ட ஒரே விடை தந்தன. மேகத்தைச் சேர்த்ததும் விடைகள் மூன்று மடங்கு வரை விலகின. தகராறு எங்கே இருக்கிறது என்பதில் அதன்பின் யாருக்கும் சந்தேகம் இல்லை.

செயற்கைக்கோள் சொன்னதும் சொல்லாததும்

மாணவர் ராமநாதனும் அதே ஆண்டில் தன் பங்கைச் செலுத்தினார். 1984 அக்டோபரில் சேலஞ்சர் விண்ணோடத்திலிருந்து ஏவப்பட்ட செயற்கைக்கோள், பூமியிலிருந்து வெளியேறும் கதிரை அளந்துகொண்டிருந்தது. 1985 ஏப்ரல் மாத அளவீடுகளை எடுத்து, மேகமுள்ள பகுதிகளையும் இல்லாத பகுதிகளையும் பிரித்து ராமநாதனும் குழுவினரும் கணக்குப் போட்டார்கள். வெயிலைத் திருப்புவதன் மூலம் மேகங்கள் சதுர மீட்டருக்கு 44.5 வாட் குளிர்விக்கின்றன. சூட்டைப் பிடிப்பதன் மூலம் 31.3 வாட் சூடாக்குகின்றன. நிகரம் 13.2 வாட் குளிர்ச்சி. கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்காவதன் விளைவு சுமார் 4 வாட்தான்.

இந்த எண்ணைத் தவறாகப் படித்தவர்கள் பலர். மேகம் பூமியைக் குளிர்விக்கிறது என்றால் வெப்பமயமாதலையும் அது தடுக்கும் என்று வாதாடினார்கள். இரண்டும் வேறு வேறு. 13.2 வாட் என்பது இன்றைய இருப்பு. பின்னூட்டம் என்பது பூமி 1 டிகிரி சூடானால் அந்த இருப்பில் வரும் மாற்றம். குளிர்விக்கும் மேகம் கொஞ்சம் குறைந்தாலே போதும், சூடு கூடிவிடும்.

மூன்று கேள்விகளும் இன்று

பெரிய மாதிரிகளும் செயற்கைக்கோள்களும் வந்த பிறகு தூண் மாதிரிகள் பரணுக்குப் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். அவை எழுப்பிய மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொன்றாக விடை வந்தது.

உயரம்: 2002-இல் சியாட்டில் நகரத்து டென்னிஸ் ஹார்ட்மனும் கிறிஸ்டின் லார்சனும் ஒரு காரணம் சொன்னார்கள். வெப்பமண்டலத்துக் கார்திரள் மேகத்தின் தலை, நீராவி கதிர்வீசிக் குளிர்விக்கும் உயரம் வரைதான் எழ முடியும். மிகக் குளிர்ந்த இடத்தில் நீராவியே இருக்காது. அந்த எல்லையை நிர்ணயிப்பது வெப்பநிலை. ஆகவே பூமி சூடானால் மேகத்தின் தலை மேலே ஏறி, ஏறக்குறைய அதே வெப்பநிலையில் நிற்கும். 1970-களில் செஸ் எழுதிய இரண்டு ஊகங்களில், வெப்பத்தைக் கூட்டும் ஊகமே வெப்பமண்டலத்து உயர் மேகங்களுக்குப் பொருந்திவந்தது.

அடர்த்தி: சோமர்வில், ரெமர் கணக்குக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. 1992-இல் செயற்கைக்கோள் பதிவுகளை அலசியபோது, குளிர்ப் பகுதிகளில் சூட்டோடு மேகத்தின் அடர்த்தி கூடுவதும், வெப்பமான பகுதிகளின் தாழ்ந்த மேகங்களில் அது குறைவதும் தெரிந்தது. தென்முனைப் பெருங்கடல் போன்ற இடங்களில் மட்டும், பனித்துகள் நீர்த்துளியாக மாறுவதால், மேகம் ஓரளவு சூட்டைத் தணிக்கிறது.

பரப்பு: மனாபேயின் 0.8 டிகிரி எந்த மேகத்தைச் சுட்டியதோ, அந்தத் தாழ்ந்த கடல் மேகமே மாதிரிகளின் கருத்து வேற்றுமைக்கு முதல் காரணம் என்று 2005-இல் சாந்த்ரின் போனியும் ழான்-லூயி டுஃப்ரெனும் காட்டினார்கள். பெரு, கலிஃபோர்னியா, நமீபியா கரைகளுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் மேகங்களும், வணிகக் காற்று வீசும் கடல்களின் சிறு திரள் மேகங்களும் இதில் அடக்கம். சூடு கூடினால் இவை மொத்தத்தில் குறையும் என்பதே இன்றைய முடிவு.

2021-இல் வந்த ஐ.நா. காலநிலைக் குழுவின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை, மேகப் பின்னூட்டத்தை ஒரு டிகிரிக்குச் சதுர மீட்டருக்கு 0.42 வாட் என்று மதிப்பிட்டது. மைனஸ் 0.10 முதல் 0.94 வரை இருக்கலாம் என்றும் சொன்னது. அதாவது மேகம் மொத்தத்தில் சூட்டைக் கூட்டும் பக்கமே சாய்கிறது. காலநிலை உணர்திறனுக்கு அந்த அறிக்கை தந்த மைய மதிப்பு 3 டிகிரி, எல்லைகள் 2.5 முதல் 4 வரை.

1979-இல் சார்னி குழு எழுதிய 3 டிகிரி 42 ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கேயே நிற்கிறது. எல்லைகள்தான் நெருங்கியிருக்கின்றன. அதிலும் மேல் எல்லை இறங்கியது அரை டிகிரி, கீழ் எல்லை ஏறியது ஒரு டிகிரி. வாயுவை நாம் கூட்டிக்கொண்டே போகலாம், மேகம் ஈடுகட்டிவிடும் என்ற வாதம் சாய்ந்திருந்தது அந்த ஒரு டிகிரியின் மேல்தான்.

அந்த வாதத்தை மிகத் திறமையாக முன்வைத்தவர் ரிச்சர்ட் லிண்ட்சன். வெப்பமண்டலத்துக் கீற்று மேகங்கள் சூட்டுக்கு ஏற்பச் சுருங்கி, வெப்பத்தை வெளியே விட்டுவிடும் என்று 2001-இல் அவர் சொன்ன கொள்கையையும், அதற்கு நேர்ந்த கதியையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)